மூன்றாம் நட்சத்திரம் போன பிறகு: பொக்யூஸ் உணவகமும் பிரெஞ்சு மரபுச் சமையலின் எதிர்காலமும்

பிரெஞ்சுச் சமையல்காரர் போல் பொக்யூஸின் உணவகம் தன் மூன்றாவது மிச்செலின் நட்சத்திரத்தை இழந்தது என்ற செய்தி 2020 ஜனவரி 17 அன்று வெளியானது. மிச்செலின் என்பது உணவகங்களுக்கு ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம் தரும் பிரெஞ்சுக் கையேடு. சமையல் உலகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட அன்று பிரான்சில் அதைப் பற்றிப் பேசினார்கள். லியோன் நகருக்குச் சற்று வடக்கே, சோன் ஆற்றங்கரையில், கொலோஞ்ஜ்-ஓ-மோன்-தோர் என்ற சிற்றூரில் இருக்கிறது அந்த உணவகம். 1965 முதல் 55 ஆண்டுகள் இடைவிடாமல் மூன்று நட்சத்திரங்களை வைத்திருந்தது. அதற்கு முன் வேறெந்த உணவகமும் அவ்வளவு காலம் வைத்திருந்ததில்லை. பொக்யூஸ் காலமாகி அப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2018 ஜனவரி 20 அன்று, 91 வயதில், உணவகத்தின் மாடியில், தான் பிறந்த அதே வீட்டில் அவர் இறந்தார்.

மிச்செலின் கையேட்டின் பன்னாட்டு இயக்குநர் குவென்டால் புலனெக் முந்தைய நாளே நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கையேடு கொடுத்த விளக்கம் மிகச் சுருக்கமானது: தரம் இன்னும் சிறப்பாகவே இருக்கிறது, ஆனால் மூன்று நட்சத்திர அளவில் இல்லை. குடும்பமும் சமையல் குழுவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் மனம் கலங்கிப்போனதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ‘மிஸ்யூ போல்’ என்று எல்லோரும் அழைத்த அந்த மனிதரின் ஆன்மாவை மட்டும் இழக்க விரும்பவில்லை என்றார்கள்.

‘பிரெஞ்சு மரபுச் சமையல் செத்துவிட்டது’ என்று எழுத அன்று பலருக்கும் கை பரபரத்தது. அந்த முடிவு அவசரமானது என்று நினைக்கிறேன். கொலோஞ்ஜில் நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால், அந்தச் சமையலின் எந்தப் பகுதி தள்ளாடுகிறது, எது நன்றாக நடமாடுகிறது என்பது தனித்தனியாகத் தெரியும்.

மேசைக்கு என்ன வந்தது

முதலில் தட்டைப் பார்ப்போம். உணவகத்தின் அடையாளமான ‘விஜிஇ சூப்’ 1975 பிப்ரவரியில் பிறந்தது. குடியரசுத் தலைவர் வலெரி ஜிஸ்கார் தெஸ்தேன் தலைவரின் இல்லமான எலிசே மாளிகையில் பொக்யூஸுக்கு லெஜியோன் தொனர் என்ற அரசின் உயர் விருது அளித்த நாளின் விருந்துக்காக அவர் அதை உருவாக்கினார். பெயரில் இருப்பது தலைவரின் முதலெழுத்துகள். கறுப்பு ட்ரஃபிள் என்ற மணமிக்க நிலத்தடிக் காளானின் சீவல்கள், ஃபுவா கிரா எனும் கொழுத்த வாத்து ஈரல் துண்டுகள், பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கிய கேரட், செலரி, வெங்காயம், காளான் ஆகியவற்றின் மேல் தெளிந்த இறைச்சிச் சாறு. கிண்ணத்தின் வாயைப் பஃப் பேஸ்ட்ரி மாவால் மூடி, சூடான ஓவனில் வைப்பார்கள். மாவு குடைபோல உப்பி எழும். சாப்பிடுபவர் கரண்டியால் அதை உடைக்கும் கணத்தில்தான் ட்ரஃபிளின் மணம் மொத்தமாக மூக்கில் ஏறும். வாசனையை மேசை வரைக்கும் பூட்டி வைக்கும் ஏற்பாடு அது. சூப்பாக அது சுமாரான கண்டுபிடிப்புதான், நாடகமாக அபாரம்.

அடுத்தது, பன்றியின் சிறுநீர்ப்பையில் வைத்து வேக வைக்கும், பிரெஸ் வட்டாரத்துக் கோழி. தோலுக்கு அடியில் ட்ரஃபிள் வட்டங்களைச் செருகி, உலர்ந்த சிறுநீர்ப்பையை ஊற வைத்து அதற்குள் கோழியை நுழைத்துக் கட்டி, சாறு மெல்லக் கொதிக்கும் பாத்திரத்தில் விடுவார்கள். பை பந்துபோல ஊதிக்கொள்ளும். உள்ளே கோழி தன் சாற்றிலேயே வேகும். பிறகு பரிமாறுபவர் மேசையருகே கொண்டுவந்து பையைக் கீறி, கோழியை வெட்டி, கிரீம் சாஸோடு வைப்பார். இது பொக்யூஸ் கண்டுபிடித்ததல்ல. பிரான்சின் வியன் நகரின் லா பிரமிட் உணவகத்தில் ஃபெர்னோன் புவானிடமும், அதற்கு முன் யூஜெனி பிராஸியே அம்மையாரிடமும் வேலை பார்த்தபோது அவர் கைக்கு வந்த லியோன் வட்டாரச் சொத்து. இவை போக, இறால் வகை மூஸ் அடைத்துப் பேஸ்ட்ரியில் பொதிந்த கடல் மீன், உருளைக்கிழங்குச் சீவல்களைச் செதிலாக அடுக்கிய ரூஜே மீன் என்று ஒரு வரிசை உண்டு.

இந்த வரிசையில் பெரிய மாற்றம் இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடின. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1973இல் உணவு விமர்சகர்கள் ஆன்றி கோவும் கிறிஸ்தியான் மியோவும் ‘நுவெல் குவிசின்’ என்ற புதிய சமையலுக்குப் பத்துக் கட்டளைகளை அறிவித்து, மாவு சேர்த்த கனமான சாஸ்களைத் தள்ளுங்கள், சமைக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று முழங்கியபோது, அந்த இயக்கத்தின் முகமாக முன்னே நிறுத்தப்பட்டவர்களில் பொக்யூஸ் ஒருவர். விஜிஇ சூப் அதற்கும் இரண்டு ஆண்டுகள் இளையது. இன்று நாம் மரபு என்று கும்பிடும் தட்டுகளில் பாதி, நம் தாத்தாக்கள் காலத்தில் கலகமாக இருந்தவை. பிரெஞ்சு மரபுச் சமையலுக்கு விதிகள் வகுத்த எஸ்கோஃபியேயே 1903இல் வெளியிட்ட தன் சமையல் வழிகாட்டியில், சாஸைக் கெட்டியாக்க மாவுக்குப் பதில் சுத்தமான ஸ்டார்ச் வரும் என்று எதிர்பார்த்து எழுதியவர். அந்தப் பெரியவர் தன் சமையலைக் கல்லில் செதுக்கி வைக்க நினைக்கவில்லை.

புவானின் மனைவிக்குக் கிடைத்தது

சரி, சமைத்தவர் இறந்துவிட்டால் நட்சத்திரம் போக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு பொக்யூஸின் குருவின் வீட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. ஃபெர்னோன் புவான் 1955இல் காலமானார். அவர் மனைவி மாடோ புவான் உணவகத்தைத் தொடர்ந்து நடத்தினார். சமையலறையில் புவானின் முறைகளே தொடர்ந்தன. 1986இல் மாடோ இறக்கும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், லா பிரமிட்டின் மூன்று நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. குரு இறந்தபின் முப்பது ஆண்டுகள், சீடர் இறந்தபின் இரண்டே ஆண்டுகள். ஒரே கையேடு, பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

இடையில் மாறியது கையேட்டின் நிலைமை. மிச்செலின் தன் அளவுகோல்களாக இன்று சொல்வது ஐந்து: பொருளின் தரம், சமைக்கும் நுட்பத்தில் தேர்ச்சி, சுவைகளின் இணக்கம், சமையலில் தெரியும் சமையல்காரரின் ஆளுமை, காலத்திலும் மெனு முழுக்கவும் மாறாத சீர்மை. முதல் மூன்றில் கொலோஞ்ஜின் சமையலறையைக் குறை சொல்வது கடினம். அங்கே பொறுப்பில் இருந்த கிறிஸ்டோஃப் முல்லர், ஜில் ரெய்ன்ஹார்ட், ஒலிவியே கூவான் ஆகிய மூவரும், பிரான்சின் தலைசிறந்த கைவினைஞர் என்ற கடும் போட்டிப் பட்டத்தை வென்றவர்கள். சிக்கல் கடைசி இரண்டில் இருக்கிறது. இறந்துபோனவரின் தட்டை அச்சு அசலாகத் தந்தால் சீர்மைக்கு மதிப்பெண் உண்டு, ஆளுமை யாருடையது என்ற கேள்வி வரும். தட்டை மாற்றினால் ஆளுமை வரும், ஆனால் ‘இது மிஸ்யூ போலின் சூப் இல்லையே’ என்று நெடுந்தூரம் வந்த வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

மாடோ புவானின் காலத்தில் ஒரு வீட்டின் சமையல் என்பது வீட்டுக்குச் சொந்தம். இப்போது அது ஒரு மனிதரின் கையெழுத்து. இந்த மாற்றத்தில் பொக்யூஸுக்கே பெரிய பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சமையலறைக்குள் முகம் தெரியாமல் கிடந்த சமையல்காரரை வெளியே இழுத்து, பத்திரிகை அட்டையில் நிறுத்தி, தொழிலதிபராக்கியவர் அவர். தாத்தா விற்றுவிட்ட குடும்பப் பெயரை 1966இல் திரும்ப வாங்கி, கட்டடத்தின் மேல் பெரிய எழுத்தில் ஏற்றினார். 1982இல் அமெரிக்காவின் எப்காட் பூங்காவில் சக சமையல் கலைஞர்கள் ரோஜே வெர்ஜே, கஸ்தோன் லெனோத்ருடன் சேர்ந்து உணவகம் திறந்தார். 1987இல் தன் பெயரிலேயே ‘பொக்யூஸ் தோர்’ என்ற உலகப் போட்டியைத் தொடங்கினார். பெயரையே உணவாக விற்ற வீட்டில், பெயருக்குரியவர் போனபின் மிஞ்சுவது என்ன என்று கையேடு கேட்டது. அதன் கணக்கில் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த நேர்மை திடீரென்று 2020இல் எப்படி வந்தது என்று கேட்பதற்கும் இடமிருக்கிறது. பொக்யூஸ் உயிரோடு இருந்தவரை அந்த மூன்றாம் நட்சத்திரத்தைத் தொட யாருக்கும் துணிவில்லை, அது மரியாதைக்காக வைத்திருந்தது என்ற பேச்சு தொழில் வட்டாரத்தில் நெடுநாளாகவே உண்டு. முந்தைய ஆண்டுதான், 2019இல், அல்சாஸ் பகுதியின் ஓபெர்ஜ் த லில் உணவகம் 51 ஆண்டுகள் வைத்திருந்த மூன்றாம் நட்சத்திரத்தை இழந்திருந்தது. புலனெக் பொறுப்புக்கு வந்தபின் வெளியான முதல் பிரெஞ்சுப் பதிப்பு அது. கையேடு தன்னைத் தைரியசாலி என்று காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் இருந்தது. 2002 முதல் உலகின் ஐம்பது சிறந்த உணவகங்கள் என்ற பட்டியல் ஸ்பெயினையும் டென்மார்க்கையும் தூக்கிப் பிடித்து, பிரெஞ்சுக் கையேட்டைப் பழைய ஆளாகத் தோன்றவைத்துவிட்டது. பெரிய பெயரை இறக்குவது அதற்கு நல்ல விளம்பரமும்கூட.

நடுவழி

நட்சத்திரம் போவதற்கு முன்பே கொலோஞ்ஜ் குழு சும்மா இருக்கவில்லை. ‘நகரும் மரபு’ என்று பெயரிட்டு, பழைய தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்தினார்கள். அலங்காரத்தைக் குறைத்தார்கள், கூடத்தையும் அந்தக் குளிர்காலத்தில் புதுப்பித்தார்கள். இந்த முடிவுதான் அவர்களைக் கவிழ்த்தது என்று நான் நினைக்கிறேன். மரபுத் தட்டைப் பாதி திருத்தினால் அது இரண்டு பக்கமும் தோற்கும். பழசைத் தேடி வருகிறவருக்கு ஏதோ குறைகிறது, புதுசை எதிர்பார்க்கும் ஆய்வாளருக்கு ஏதோ போதவில்லை.

லியோனுக்குள்ளேயே வேறு வழி ஒன்று இருந்தது. யூஜெனி பிராஸியே 1933இல் இரண்டு உணவகங்களுக்குத் தலா மூன்று நட்சத்திரம் பெற்றவர். நகரின் ரூ ருவயால் தெருவில் இருக்கும் அவருடைய ‘லா மேர் பிராஸியே’வை 2008இல் சமையல்காரர் மத்தியு வியானே வாங்கினார். தோலுக்கடியில் ட்ரஃபிள் வைத்த அந்த வீட்டின் பிரெஸ் கோழியை வைத்துக்கொண்டார், மற்றபடி தன் சமையலைச் செய்தார். அடுத்த ஆண்டே இரண்டு நட்சத்திரங்கள். அவருக்கு ஒரு வசதி இருந்தது: பிராஸியே அம்மையார் 1977இலேயே காலமாகிவிட்டார், இடைவெளி பெரியது, ஒப்பிட்டுப் பார்க்கும் நாக்குகள் குறைவு. ரோவான் ஊரில் உணவகம் நடத்திய ட்ருவாக்ரோ குடும்பம் இன்னும் துணிச்சலாகப் போனது. 1968 முதல் மூன்று நட்சத்திரம் வைத்திருந்த வீடு அது. சால்மன் மீனும் சோரல் கீரையும் சேர்ந்த அவர்களுடைய சாஸ் தட்டு 1960களின் பிரெஞ்சுச் சமையலையே திருப்பிப் போட்டது. மகன் மிஷெல் அந்தப் புகழின் நிழலிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. இத்தாலிய, ஜப்பானியச் சாயல்களோடு புளிப்பை முன்னே வைத்துத் தன் சமையலை உருவாக்கினார். 2017இல் ரயிலடிக்கு எதிரே இருந்த பழைய கட்டடத்தையே விட்டுவிட்டு ஊஷ் கிராமத்துக்கு மாறினார். நட்சத்திரங்கள் கூடவே போயின. அங்கே தந்தை உயிரோடு இருக்கும்போதே மகன் மாற்றத் தொடங்கினார். கொலோஞ்ஜில் அதற்கு யாருக்கும் அனுமதி இருந்ததாகத் தெரியவில்லை.

அதே பதிப்பின் இன்னொரு பக்கம்

2020 ஜனவரி 27இல் வெளியான அந்தப் பதிப்பை முழுதாகப் படித்தவர்களுக்கு இன்னொரு செய்தி கிடைத்தது. அந்த ஆண்டு மூன்று நட்சத்திரத்துக்கு ஏறியவர்களில் ஒருவர் கெய் கொபயாஷி. பிரான்சில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் ஜப்பானியர். பாரிஸில் அவர் 2011இல் உணவகம் திறந்த இடம், அதற்கு முன் ஜெரார் பெஸ்ஸோன் என்ற சுத்தமான மரபுச் சமையல்காரரின் உணவகம் இருந்த இடம். கொபயாஷி ஜப்பானிய உணவு பரிமாறவில்லை. புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் அலென் துகாஸிடம் பயின்ற பிரெஞ்சுச் சமையல்தான் செய்கிறார். அதே பதிப்பில் 1990இல் மூன்றாம் நட்சத்திரத்தை இழந்த ‘லூஸ்தோ த போமானியேர்’ க்ளென் வியலின் கையில் அதைத் திரும்பப் பெற்றது. போனது திரும்பி வர முப்பது ஆண்டுகள் ஆயின என்றாலும், வந்தது.

பாரிஸ் சமையல்காரர் அலென் பஸார் கதையையும் இங்கே சேர்க்கலாம். வாணலியில் இறைச்சி வாட்டுவதில் மன்னன் என்று பெயரெடுத்த அவர் 2001இல் தன் ‘லார்பேஜ்’ உணவகத்தின் மெனுவிலிருந்து சிவப்பு இறைச்சியை எடுத்தார். உப்புக் கூட்டுக்குள் முழு பீட்ரூட்டை வைத்துச் சுடுவது, வெங்காயத்தை மணிக்கணக்கில் நிதானமாக வாட்டுவது என்று இறைச்சிக்கான நுட்பங்களைக் காய்கறிக்கு மாற்றினார். 2025இல் தேனைத் தவிர விலங்குப் பொருள் எதுவும் இல்லாத மெனுவுக்கே வந்துவிட்டார். வெண்ணெய் இல்லாத பிரெஞ்சுச் சமையலா என்று லியோன்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் தீயைக் கட்டுப்படுத்துவது, சாறு இறக்குவது, சுண்ட வைப்பது, சாஸ் கட்டுவது எல்லாம் அதே பள்ளிக்கூடத்துப் பாடங்கள். தட்டுகள் மாறின, முறை மாறவில்லை.

எலும்புச் சாறுக்கு யார் காவல்

நட்சத்திரத்தைவிட எனக்குக் கவலை தருவது அடுப்படிக் கணக்கு. மரபுச் சமையலின் அடித்தளம் ‘ஃபோன்’ என்ற எலும்புச் சாறு. கன்று எலும்புகளை ஓவனில் பழுப்பாக வறுத்து, கேரட், வெங்காயம், தண்ணீர் சேர்த்து, கொதி ஏறாமல் மெல்லிய தீயில் பல மணி நேரம் விட வேண்டும். நுரையும் கொழுப்பும் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வடிகட்டி, பாதியாக, கால்வாசியாகச் சுண்ட வைத்தால்தான் கரண்டியின் முதுகில் ஒட்டும் பளபளப்பான தெமி-கிளாஸ் கிடைக்கும். இதற்குப் பொருளைவிட ஆள்நேரம்தான் அதிகம் செலவு.

எஸ்கோஃபியே சமையலறையைப் படைப்பிரிவுபோல அடுக்கியபோது பயிற்சிப் பையன்களின் உழைப்பு மலிவாகக் கிடைத்தது. இன்று பிரான்சில் சட்டப்படி வார வேலை 35 மணி நேரம், ஓட்டல் துறை உடன்படிக்கையில் 39. இது வேண்டிய மாற்றம். பழைய சமையலறைகளின் அடியையும் வசவையும் பெருமையாக நினைவுகூர்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதன் விளைவு நேரடியானது: எட்டு மணி நேரம் கொதிக்க வேண்டிய சாறுக்குப் பதில் டப்பாப் பொடி வந்தது. நம்மூர் ஓட்டல்களில் அரைத்த மசாலாவின் இடத்தில் பாக்கெட் பொடி வந்ததுபோலத்தான். தொழிற்சாலையில் செய்து உறைய வைத்த மாட்டிறைச்சிக் குழம்பைச் சுடவைத்து, சிவப்புக் கட்ட மேசை விரிப்பில் ‘பாட்டி கைமணம்’ என்று விற்கும் பிஸ்த்ரோ எனும் சிற்றுணவகங்கள் பெருகின. 2014இல் அரசு ‘வீட்டுத் தயாரிப்பு’ முத்திரையைக் கொண்டுவந்தது இதனால்தான். விதியோ தளர்வானது. பச்சையாக உறைய வைத்த பொருள்களை அனுமதித்தது, முத்திரை பெரிதாக எடுபடவில்லை.

யுனெஸ்கோ 2010இல் பிரெஞ்சு உணவை அங்கீகரித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பட்டியலில் சேர்த்தது சமையலை அல்ல, கொண்டாட்ட நாளில் சேர்ந்து உட்கார்ந்து, வரிசைப்படி, ஒயினோடு சாப்பிடும் வழக்கத்தை. எலும்புச் சாறுக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மலிவு மேசையில்

மரபுச் சமையல் மேலே தடுமாறிய அதே ஆண்டுகளில் கீழே நன்றாகவே உயிர்த்தது. 19ஆம் நூற்றாண்டில் தொழிலாளர்களுக்கு இறைச்சிச் சாறும் வேகவைத்த மாட்டிறைச்சியும் மலிவாகக் கொடுக்கத் தொடங்கிய பாரிஸ் உணவகங்களுக்குப் ‘பூய்யோன்’ என்று பெயர். பெரும்பாலும் அழிந்துபோய், 1896இல் தொடங்கிய ஷார்தியே போன்ற சில மட்டும் மிஞ்சியிருந்தன. 2017இல் பிகால் பகுதியில் ஒரு புதிய பூய்யோன் திறந்தது. முட்டை மயோனெஸ், லீக் வினேகிரெத், பீஃப் பூர்கிஞோன் என்ற மாட்டிறைச்சிக் குழம்பு, கிரீம் நிரப்பிய ப்ரோஃபித்தெரோல். முன்பதிவு செய்யாத இளைஞர்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள். 2021இல் ரிபப்ளிக் சதுக்கத்தில் இன்னொன்று வந்தது, ஷார்தியேவும் கிளைகள் திறந்தது. இவர்களின் சூத்திரம் எளிது: குறுகிய மெனு, பெரிய கூடம், நாள் முழுதும் இடைவிடாத பரிமாறல். ஒரே குழம்பை மிகப் பெரிய அளவில் சமைப்பதால் அந்தப் பல மணி நேரக் கொதிப்பின் செலவு பல நூறு தட்டுகளில் பிரிந்துவிடுகிறது. நட்சத்திர உணவகத்தை முறிக்கும் அதே நேரக்கணக்கு இங்கே லாபமாகிறது. நுட்பமான சாஸ் இங்கே கிடைக்காது, அதை எதிர்பார்த்துப் போவதும் தவறு.

சமைக்கும் கைகளும் மாறிவிட்டன. லியோன் வட்டாரத்தின் பெருமையான பாத்தே-க்ரூத், அதாவது மாவுக்கூட்டுக்குள் இறைச்சி அடைத்துச் சுடும் பதார்த்தம், அதற்கு 2009இல் தொடங்கிய உலகப் போட்டியை ஜப்பானியச் சமையல்காரர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றிருக்கிறார்கள். பாரிஸ் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கி அடுப்புவரை உயர்ந்த ஈழத் தமிழர்கள் ஏராளம். 2023இல் பாரிஸின் சிறந்த பாகெத் ரொட்டிக்கான பரிசை வென்று, ஓராண்டு எலிசே மாளிகைக்கு ரொட்டி கொடுக்கும் உரிமையைப் பெற்றவர் இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. மரபைக் காப்பாற்ற மேடையில் பேசுபவர்கள் இந்தப் பெயர்களை அபூர்வமாகவே சொல்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆனது

தரம் இறங்கிய இரண்டு மாதத்துக்குள் கொரோனா வந்து, மார்ச் 14 நள்ளிரவோடு பிரான்சின் எல்லா உணவகங்களையும் மூடிவிட்டது. நட்சத்திர இழப்பு வியாபாரத்தை எவ்வளவு பாதித்தது என்று தனியாகப் பிரித்தெடுக்க அதனால் வழியில்லை. கொலோஞ்ஜ் இரண்டு நட்சத்திரத்தோடு மீண்டும் திறந்து, தொடர்ந்து நடந்தது. சூப்பும் மெனுவில் நின்றது.

2025 மார்ச் 31 அன்று வந்த பதிப்பில் அடுத்த பெரிய பெயர் இறங்கியது. கொலோஞ்ஜிலிருந்து அதிக தூரமில்லாத வோனாஸ் ஊரின் சமையல்காரர் ஜார்ஜ் பிளான், 1981 முதல் வைத்திருந்த மூன்றாம் நட்சத்திரத்தை இழந்தார். பிரெஸ் கோழி வளர்ப்போரின் அமைப்புக்கு நெடுங்காலம் தலைமை தாங்கியவர் அவர். ஒவ்வொரு கோழிக்கும் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி என்பது போன்ற கறாரான விதிகளோடு, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் வளரும் அந்தக் கோழிக்கு அவரைப் போன்ற சமையலறைகள்தான் விலை கொடுத்தன. இது இறந்தவரின் வீடு அல்ல. உரிமையாளர் உயிரோடு, கூடத்தில் நடமாடிக்கொண்டிருந்தார். ஆகவே கொலோஞ்ஜ் முடிவை வெறும் வாரிசுச் சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. பிளான் சொன்ன பதிலில் ஆத்திரத்தைவிடக் கணக்கு அதிகம் இருந்தது: இரண்டு நட்சத்திரத்தோடு சமாளித்துக்கொள்வோம், இனி மேல்தட்டுக்கு மட்டும் என்பதைக் கொஞ்சம் விட்டு, கூடுதல் பேருக்கு எட்டும்படி நடத்தலாம் என்றார். அந்த எட்டும் விலைக்குள் நான்கு மாதம் புல்லில் திரிந்த கோழியும் எட்டு மணி நேரச் சாறும் அடங்குமா என்பதை இனி வோனாஸ் சமையலறை காட்ட வேண்டும்.